ஸ்கேன் மருந்தும் அரிதான எதிர்விளைவுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்கேன் எடுத்த மறுநாள் காலையில் ஒரு அம்மாவுக்குத் தாடையின் கீழே இரண்டு பக்கமும் எலுமிச்சம்பழம் போல வீங்கிவிட்டது. பல் டாக்டரிடம் போனார். ஐந்து நாளுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். வீக்கம் வடிந்தது, எல்லாரும் மறந்துபோனார்கள். ஒன்றரை வருஷம் கழித்து எங்களிடம் இரண்டாம் முறை சி.டி. எடுக்க வந்தார். அன்று சாயங்காலமே அதே வீக்கம். "போன தடவையும் இப்படித்தான் ஆச்சு டாக்டர், பல்லுன்னு சொன்னாங்க" என்றார். பல்லில் ஒரு குறையும் இல்லை. ஸ்கேனில் உள்ளுறுப்புகள் தெளிவாகத் தெரிவதற்காக நரம்பில் ஏற்றிய மருந்து செய்த வேலை அது.

ஊசி போட்ட ஐந்தாவது நிமிஷத்தில் வரும் அரிப்பும் தடிப்பும் எங்கள் துறையில் எல்லாருக்கும் பழக்கமானவை. அரிதானவை பெரும்பாலும் எங்கள் கண்ணிலேயே படுவதில்லை. நோயாளி வீட்டுக்குப் போன பிறகு, வேறொரு டாக்டர் முன்னால் போய் நிற்கின்றன. அங்கே "மூணு நாள் முன்னாடி ஸ்கேன் எடுத்தேன்" என்று சொல்ல யாருக்கும் தோன்றுவதில்லை. அதைச் சொல்ல வைக்க வேண்டும் என்பதற்காகவே, நோயாளிகளும் கூட வந்தவர்களும் என்னிடம் கேட்டுவந்த கேள்விகளைச் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

கான்ட்ராஸ்ட் என்கிறார்கள், டை என்கிறார்கள். எல்லா ஸ்கேனுக்கும் ஒரே மருந்துதானா?

இல்லை. இந்தக் குழப்பம்தான் பல தொல்லைகளுக்கு வேர். சி.டி. ஸ்கேனுக்கும் ஆஞ்சியோவுக்கும் போடுவது அயோடின் சேர்ந்த மருந்து. எம்.ஆர்.ஐ.க்குப் போடுவது கடோலினியம் என்ற உலோகம் சேர்ந்தது. குடல் படத்துக்குக் குடிக்கக் கொடுக்கும் வெள்ளைக் கரைசல் பேரியம் சல்பேட். கண் ஆஸ்பத்திரியில் விழித்திரையைப் படமெடுக்கப் போடும் மஞ்சள் ஊசி ஃப்ளூரசீன். வேதியியலில் இவற்றுக்குள் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை என்பதால் மற்றதும் ஒத்துக்கொள்ளாது என்று முடிவுகட்ட முடியாது. "எனக்கு டை அலர்ஜி" என்று ஒருவர் சொன்னால், எந்த டை என்று நாங்கள் திரும்பக் கேட்பது இதனால்தான்.

சி.டி. ஊசி போட்டதும் உடம்பெல்லாம் சுட்டது, சிறுநீர் பிரிந்துவிட்டதுபோல இருந்தது. அது அலர்ஜியா?

அலர்ஜி கிடையாது. மருந்தில் கரைந்திருக்கும் துகள்களின் அடர்த்தி செய்வது அது. வாயில் உலோகச் சுவையும் வரலாம். ஒரு நிமிஷத்தில் போய்விடும். பழைய மருந்துகளின் அடர்த்தி ரத்தத்தைப்போல ஐந்து மடங்குக்கும் மேல் இருந்தது. அப்போது நோயாளிகள் வலியில் துடித்தார்கள். ஸ்வீடன் நாட்டுக் கதிரியக்க மருத்துவர் டோர்ஸ்டன் அல்மேன் இதற்கு ஒரு வழி கண்டார். உப்பு அதிகமான கடலில் நீந்தும்போது கண் எரிகிறது, உப்புக் குறைந்த நீரில் எரிவதில்லை என்ற தன் அனுபவத்திலிருந்துதான் அவருடைய யோசனை கிளம்பியது. உப்பைப்போலக் கரைந்ததும் இரண்டாகப் பிரியாத மருந்து இருந்தால் வலிக்காதே என்று 1960களின் இறுதியில் கணக்குப்போட்டு எழுதினார். இன்று நாம் போடும் அயோனல்லாத, அதாவது அப்படிப் பிரியாத மருந்துகள் அங்கிருந்து பிறந்தவை.

கடுமையான எதிர்விளைவு எத்தனை பேருக்கு வருகிறது?

ஜப்பானில் கட்டயாமா குழு 1990-இல் வெளியிட்ட ஆய்வு இதில் பெரியது. 3,37,647 ஊசிகளைக் கணக்கெடுத்தார்கள். கரைந்ததும் பிரியும் பழைய அயோனிக் மருந்தில் ஏதாவது ஒரு எதிர்விளைவு வந்தது நூற்றுக்கு 12.66 பேருக்கு. புதிய மருந்தில் 3.13. கடுமையானவை மட்டும் எடுத்தால் 0.22-இலிருந்து 0.04-ஆகக் குறைந்தது. அதாவது பத்தாயிரத்தில் நான்கு பேர். இந்தக் கணக்கைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. இதில் சேர்ந்தவை பெரும்பாலும் கண்ணெதிரே நடந்தவை. நாள் கழித்து வந்து, ஸ்கேனோடு யாரும் முடிச்சுப் போடாதவை எந்தக் கணக்கிலும் ஏறாது.

சி.டி.க்குப் பிறகு கழுத்தும் கன்னமும் பொன்னுக்கு வீங்கிபோல வீங்குமா?

வீங்கும். தொடக்கத்தில் சொன்ன அம்மாவுக்கு வந்தது இதுதான். மருத்துவத்திலும் இதற்கு "அயோடைடு பொன்னுக்கு வீங்கி" என்ற பொருளிலேயே பெயர். 1956-இலேயே, சிறுநீரகப் படத்துக்கு ஊசி போட்ட ஒருவரிடம் பார்த்து எழுதிவைத்திருக்கிறார்கள்.

நரம்பில் ஏற்றும் அயோடின் மருந்தில் ஏறக்குறைய 98 சதவீதம் சிறுநீரில் போய்விடும். மிச்சம் வியர்வை, கண்ணீர், எச்சில் வழியாக வெளியேறுகிறது. தைராய்டு எப்படி அயோடினை ரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்கிறதோ, அதே கருவி எச்சில் சுரப்பிகளிலும் இருக்கிறது. அங்கே அயோடைடு பல மடங்கு சேர்ந்தால் சுரப்பியின் குழாய்கள் வீங்கி அடைபடும். சில நிமிஷங்களிலும் வரலாம், ஐந்து நாள் கழித்தும் வரலாம். காய்ச்சல் இருக்காது. வலி இருக்காது, இருந்தாலும் லேசாகத்தான். கிட்னி சரியாக வேலை செய்யாதவர்களுக்கும் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கும் வாய்ப்பு அதிகம், வடியவும் நாள் பிடிக்கும். மற்றவர்களுக்குச் சில நாளில் தானாக வடிந்துவிடும். ஒத்தடமும் வலி மாத்திரையும் போதும். ஆன்டிபயாடிக் தேவையே இல்லை.

இன்னொரு முறை அதே வகை மருந்து போட்டால் மறுபடியும் வரலாம். அதற்காக அவசியமான ஸ்கேனைத் தள்ளிப்போட வேண்டாம். வரும் என்று தெரிந்திருந்தால் பயம் பாதியாகிவிடும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: வீக்கத்தோடு மூச்சுத்திணறலோ, குரல் மாற்றமோ, நாக்கு வீக்கமோ சேர்ந்தால் இது எச்சில் சுரப்பி விஷயம் என்று வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது. உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

அப்பாவுக்கு ஆஞ்சியோ முடிந்த சில மணி நேரத்தில் கண் தெரியவில்லை என்றார். பக்கவாதம் என்று பயந்தோம். மூன்றாம் நாள் சரியாகிவிட்டது. அது என்ன?

பயந்ததில் தப்பே இல்லை. முதலில் பக்கவாதம் என்றுதான் நினைத்துப் பார்க்க வேண்டும், மருத்துவர்களும் அப்படித்தான் செய்வார்கள். ரத்தக்குழாய் அடைப்பும் ரத்தக்கசிவும் இல்லை என்று உறுதியான பிறகே இன்னொரு பெயருக்கு இடம்: கான்ட்ராஸ்ட் மருந்தால் வரும் தற்காலிக மூளைப் பாதிப்பு.

ரத்தத்தில் ஓடும் எல்லாம் மூளைக்குள் நுழைய முடியாதபடி குழாய்ச் சுவர்களில் ஒரு காவல் உண்டு. அடர்த்தியான மருந்து அந்தக் காவலைச் சிறிது நேரம் தளர்த்திவிட்டால் மருந்து மூளைத் திசுவுக்குள் கசியும். மூளையின் பின்பகுதி இதற்கு எளிதில் இடம் கொடுக்கிறது. பார்வையை உணரும் இடமும் அதுதான். ஆகவே கண் நன்றாக இருக்கும், டார்ச் அடித்தால் கண் பாப்பா சுருங்கும், ஆனால் மனிதருக்கு எதுவும் தெரியாது. சிலருக்குக் குழப்பம், பேச்சுத் தடுமாற்றம், ஒரு பக்கக் கை கால் பலவீனம், வலிப்பு வரலாம். இதய ஆஞ்சியோவுக்குப் பிறகு இப்படிப் பார்வை போனதை 1970-இல் முதன்முதலாக எழுதினார்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. அந்த நேரத்தில் தலைக்கு சி.டி. எடுத்தால் கசிந்த மருந்து வெள்ளையாகத் தெரியும், ரத்தக்கசிவும் வெள்ளையாகத்தான் தெரியும். வெண்மையின் அளவை எண்ணில் அளந்து பார்த்தாலும், ஒரு நாள் கழித்து மறுபடி எடுத்தாலும் வித்தியாசம் பிடிபடும். மருந்து கரைந்து போயிருக்கும், ரத்தம் அப்படியே நிற்கும். அதனால் தலைக்கு ஸ்கேன் பார்க்கும் டாக்டரிடம் "காலையில் ஆஞ்சியோ நடந்தது" என்ற ஒரு வரி போய்ச் சேருவது அவ்வளவு முக்கியம். பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று நாளில் பார்வையும் நினைவும் திரும்பிவிடும். எல்லாருக்கும் முழுமையாகத் திரும்பும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. ரத்த அழுத்தம் அதிகம் உள்ளவர்களிடமும் கிட்னி பழுதானவர்களிடமும் இது கூடுதலாகப் பார்க்கப்படுகிறது.

இதயத்தில் கோளாறே இல்லாதவருக்கு ஸ்கேன் ஊசியால் மாரடைப்பு வருமா?

மிக அரிதாக வரும். கிரேக்க மருத்துவர் நிக்கலஸ் கூனிஸ் 1991-இல் விவரித்ததால் கூனிஸ் நோய்க்குறி என்று பெயர். அலர்ஜியில் தோலில் தடிப்பை உண்டாக்கும் அதே அணுக்கள் இதயத்தின் ரத்தக்குழாய்ச் சுவரிலும் இருக்கின்றன. அவை வெடித்து ஹிஸ்டமின் போன்றவற்றைக் கொட்டும்போது குழாய் இறுக்கிப் பிடிக்கும். அங்கே ஏற்கெனவே கொழுப்புப் படிவு இருந்தால் அது உடைந்து அடைப்பும் ஏற்படலாம். ஸ்கேன் அறையில் அரிப்போடு நெஞ்சுவலியும் சேர்ந்தால் ஈ.சி.ஜி. எடுத்தாக வேண்டும். "பயத்துல வர்ற படபடப்பு" என்று தண்ணீர் கொடுத்து உட்காரவைப்பது போதாது.

ஊசி போட்ட மூன்றாம் நாள் உடம்பெல்லாம் சிவப்புத் தடிப்பு. இத்தனை நாள் கழித்துமா வரும்?

ஒரு மணி நேரத்திலிருந்து ஒரு வாரம் வரை எப்போதும் வரலாம். உடனே வரும் அலர்ஜி வேறு ரகம். இது நோயெதிர்ப்பு அணுக்கள் மெல்ல விழித்துக்கொண்டு செய்வது. பெரும்பாலும் அரிப்போடு பொடிப்பொடியாகச் சிவந்து, சில நாளில் அடங்கும். இந்த மூன்று நாளுக்குள் புது மாத்திரை ஏதாவது தொடங்கியிருந்தால் பழி முழுவதும் அதன்மேல் விழும். ஸ்கேன் ஊசியை யாரும் நினைப்பதில்லை. சில சமயம் மாத்திரைதான் காரணமாக இருக்கும், ஆகவே இரண்டையும் சொல்லுங்கள்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள் உண்டு. வாய், கண், பிறப்புறுப்பில் புண். தோல் கொப்புளித்து உரிதல். தொட்டாலே எரியும் தோல். காய்ச்சலோடு முகவீக்கம். இவை தோலை உரித்துப்போடும் கடும் மருந்து எதிர்விளைவின் தொடக்கமாக இருக்கலாம். மிகமிக அரிது, ஆனால் உயிருக்கே ஆபத்து. அப்படி ஒருமுறை வந்தவருக்கு அந்த மருந்து வாழ்நாளில் திரும்பப் போடக்கூடாது. ஸ்டீராய்டு கொடுத்துவிட்டுப் போட்டுப் பார்க்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

தைராய்டு இருக்கிறது. அயோடின் ஊசி போடலாமா?

தைராய்டு குறைவுக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் பெரும்பாலும் பயப்பட வேண்டாம். கழுத்தில் கட்டிகட்டியாகத் தைராய்டு வீங்கியிருப்பவர்கள், தைராய்டு அதிகமாகச் சுரப்பவர்கள் அவசியம் சொல்ல வேண்டும்.

அளவைப் பாருங்கள். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவையான அயோடின் 150 மைக்ரோகிராம். ஒரு மில்லியில் 300 மில்லிகிராம் அயோடின் உள்ள மருந்தை 100 மில்லி ஏற்றினால் உள்ளே போவது 30 கிராம், அன்றாடத் தேவையைப்போல இரண்டு லட்சம் மடங்கு. அது மூலக்கூறோடு கட்டுண்டுதான் இருக்கிறது, பிரிந்து திரிவது ஒரு துளி. அந்தத் துளியே தைராய்டுக்கு வெள்ளம். வெள்ளம் வந்தால் நல்ல தைராய்டு சில நாள் கதவை மூடிக்கொண்டு, பிறகு திறக்கும். வுல்ஃப், சைகாஃப் இருவரும் 1948-இல் கண்டறிந்த தற்காப்பு இது. கட்டியுள்ள தைராய்டு கதவை மூடாமல் ஹார்மோனைப் பொழியத் தொடங்கலாம், அப்போது தைராய்டு அதிகமாகும். வேறு சிலருக்கு மூடிய கதவு திறக்காமலே இருந்து, தைராய்டு குறையும். இரண்டுமே வாரக்கணக்கில் கழித்துத் தெரிபவை. எடை இறங்கி, நெஞ்சு படபடத்து, கை நடுங்கினால் ஒரு மாதத்துக்கு முந்தைய சி.டி.யை நினைத்துப்பாருங்கள்.

பச்சைக் குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். பிறந்ததிலிருந்து மூன்று வயது வரை உள்ள குழந்தைகளுக்கு அயோடின் ஊசி போட்டால் மூன்று வாரத்துக்குள் தைராய்டு பரிசோதனை தேவையா என்று பார்க்கும்படி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022-இல் அறிவுறுத்தியது. குறைமாதக் குழந்தைகளுக்கும் இதயக் கோளாறுள்ள குழந்தைகளுக்கும் இது முக்கியம். தைராய்டு புற்றுநோய்க்கு ரேடியோ அயோடின் சிகிச்சை திட்டமிட்டிருந்தால், இடையில் யாராவது கான்ட்ராஸ்ட் சி.டி. எழுதினால் முதலில் புற்றுநோய் டாக்டரிடம் கேளுங்கள். இந்த அயோடின் தைராய்டை நிரப்பிவிட்டால் அந்தச் சிகிச்சை வாரக்கணக்கில் தள்ளிப்போகும்.

ஊசி போடும்போதே கை உப்பிவிட்டது. ஆபத்தா?

மருந்து ஏற்றக் கையில் குத்திவைத்த சிறு குழாய் (வென்ஃப்ளான்) நரம்பைவிட்டு நழுவி, மருந்து தோலுக்கடியில் போய்விட்டது என்று பொருள். எந்திரம் ஒரு நொடிக்கு 3 முதல் 5 மில்லி வரை தள்ளுவதால் கண் மூடித் திறப்பதற்குள் நிறைய இறங்கிவிடும். வலித்த கணமே சத்தம்போட்டுச் சொல்லுங்கள், பொறுத்துக்கொள்ள வேண்டாம். கையை உயர்த்தி வைத்து ஒத்தடம் கொடுத்தால் பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கும். தேய்க்கக் கூடாது. வலி நேரத்துக்கு நேரம் ஏறினால், விரல் மரத்துப்போனால், விரலை நீட்டும்போது உயிர் போகிறதுபோல் வலித்தால், தோல் கொப்புளித்தால் அதே நாளில், ராத்திரி ஆனாலும், அறுவை சிகிச்சை டாக்டர் பார்க்க வேண்டும்.

இறால், நண்டு ஒத்துக்கொள்ளாது. அயோடின் ஊசி கூடாதல்லவா?

போடலாம். நண்டு இறாலில் அலர்ஜி தருவது அவற்றின் தசைப் புரதம். அயோடினுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நம் உடம்பே அயோடின் இல்லாமல் ஓடாது. எந்த உணவு அலர்ஜியானாலும், ஆஸ்துமாவானாலும் பொதுவாக அபாயம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். "அயோடின் அலர்ஜி" என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருப்பதை நான் கண்டால் அந்த வரியை அடித்துவிட்டு, எந்த மருந்து, என்ன ஆனது என்று எழுதச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் ஸ்கேன் சென்டரில் டெஸ்ட் டோஸ் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் போடுகிறார்கள். அது பாதுகாப்புதானே?

பாதுகாப்பு என்று தோன்றும், உண்மையில் கிடையாது. ஒரு மில்லி போட்டுப் பார்த்து ஒன்றும் ஆகாதவருக்கு முழு அளவில் கடும் எதிர்விளைவு வந்ததுண்டு. அந்த ஒரு மில்லியிலேயே உயிர் போனதும் உண்டு. அதனால்தான் பல நாடுகளில் இந்த வழக்கத்தைக் கைவிட்டார்கள். முன்பு எதிர்விளைவு வந்தவருக்கு அலர்ஜி நிபுணர் தோலில் செய்யும் பரிசோதனை வேறு, அதற்குப் பயன் உண்டு. டெஸ்ட் டோஸைவிட உங்களைக் காப்பது மூன்று விஷயங்கள்: பழைய கதையை விளக்கமாகக் கேட்பது, ஊசிக்குப் பிறகு அரைமணி நேரம் உட்காரவைப்பது, அறையில் அட்ரினலின் தயாராக இருப்பது. மூச்சு இழுத்து, ரத்த அழுத்தம் இறங்கும்போது தொடைத் தசையில் போடும் அட்ரினலின்தான் முதல் மருந்து. அரிப்புக்குப் போடும் ஏவிலும், டெக்ஸா என்ற ஸ்டீராய்டும் அதற்கு ஈடாகாது, அவற்றைப் போட்டுவிட்டுக் காத்திருந்து நேரத்தை இழக்கக் கூடாது.

எம்.ஆர்.ஐ. ஊசி கிட்னி நோயாளிகளின் தோலைக் கல்லாக்கிவிடும் என்கிறார்களே?

உண்மையில் நடந்தது. 1997-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் டயாலிசிஸ் நோயாளிகள் சிலருக்குக் கால் கை தோல் தடித்து, மரக்கட்டையாக இறுகி, மூட்டு மடக்க முடியாமல் போனது. 2000-இல் அதைப் புது நோயாக எழுதினார்கள். காரணம் தெரியவில்லை. ஆறு வருஷம் தண்ணீர், டயாலிசிஸ் மருந்து, கிருமி என்று எல்லாவற்றையும் தேடினார்கள். 2006-இல் ஆஸ்திரிய மருத்துவர் குரோப்னர், தன்னிடம் இந்த நோய் வந்தவர்களுக்கு முன்பு கடோலினியம் ஊசியோடு எம்.ஆர்.ஐ. எடுத்திருப்பதைச் சுட்டிக்காட்டினார். அதே வருஷம் டென்மார்க்கிலிருந்தும் அதே முடிவு வந்தது. வாரங்கள், மாதங்கள் கழித்து, தோல் டாக்டர் முன்னால் வந்து நின்ற நோய் இது. ஸ்கேனையும் தோலையும் ஒரே கதையாகப் பார்க்க ஒருவர் தேவைப்பட்டார்.

தனிக் கடோலினியம் நஞ்சு. அதனால் அதை ஒரு மூலக்கூறுக்குள் பிடித்துவைத்துத்தான் ஊசியாக்குகிறார்கள். பழைய மருந்துகளின் பிடி நீள்கயிறு போல, தளரும். இப்போது பெரும்பாலும் போடுபவை வளையத்துக்குள் பூட்டிவைத்தவை. கிட்னி வேலை செய்தால் தளர்வதற்குள் வெளியேறிவிடும். கிட்னி நின்றுபோனால் உடம்பிலேயே கிடந்து பிரியும். 2007-இல் கடும் எச்சரிக்கைகள் வந்தன, பழைய வகையைத் தவிர்த்தார்கள், புது நோயாளிகள் வருவது ஏறக்குறைய நின்றேபோனது. இன்று டயாலிசிஸ் நோயாளிக்குக்கூட, தேவை இருந்தால் வளைய வகை மருந்து போட்டு எம்.ஆர்.ஐ. எடுக்கிறோம்.

கிட்னி நன்றாக இருப்பவர்கள் மூளையிலும் மிகச் சிறிதளவு கடோலினியம் தங்குவதை ஜப்பானில் கந்தா குழு 2014-இல் காட்டியது. அதனால் நோய் வருகிறது என்று இதுவரை நிரூபணம் இல்லை. ஆனாலும் ஐரோப்பிய ஒன்றியம் 2017-இல் நீள்கயிறு வகைகள் பலவற்றை நிறுத்திவைத்தது. தங்குவது தெரிந்தபின் தேவையில்லாமல் போடக்கூடாது என்ற அந்த எண்ணம் சரி என்றே நினைக்கிறேன்.

எம்.ஆர்.ஐ. எடுத்த அன்றே ரத்தப் பரிசோதனையில் கால்சியம் மிகக் குறைவு என்று வந்து, உடனே அட்மிட் ஆகச் சொன்னார்கள். என்ன நடந்தது?

உடம்பில் கால்சியம் குறைந்திருக்காது, பரிசோதனைதான் ஏமாந்திருக்கும். கடோடயமைடு, கடோவெர்செட்டமைடு என்ற இரண்டு பழைய மருந்துகள் ரத்தத்தில் இருக்கும்போது, நிறமாற்றத்தை வைத்துக் கால்சியம் அளக்கும் சில முறைகள் தவறான குறைந்த எண்ணைக் காட்டும். நோயாளிக்கு விரல் இழுப்பு இருக்காது, ஈ.சி.ஜி. இயல்பாக இருக்கும், ஆனால் தாளில் எண் பயமுறுத்தும். அதை நம்பி நரம்பில் கால்சியம் ஏற்றினால் அதுதான் கெடுதல். ரத்தத்தில் தனியாகத் திரியும் கால்சியத்தை அளக்கும் அயனிக் கால்சியம் பரிசோதனை உண்மையைச் சொல்லிவிடும். ஒரு நாள் கழித்து மறுபடி எடுத்தாலும் எண் சரியாகியிருக்கும். இந்த மருந்துகளின் புழக்கம் குறைந்துவிட்டது. இருந்தாலும் ரத்தப் பரிசோதனையை ஸ்கேன் ஊசிக்கு முன்பே எடுத்துக்கொள்வது எளிய வழி.

ஈரல் எம்.ஆர்.ஐ.யில் "மூச்சைப் பிடிங்க" என்றபோது என்னால் பிடிக்கவே முடியவில்லை. படம் கெட்டுவிட்டது என்று திட்டினார்கள்.

திட்டியிருக்கக் கூடாது. கடாக்செட்டேட் என்ற ஈரல் மருந்து போட்ட சில நொடிகளில் சிலருக்கு மூச்சு தடுமாறும். அலர்ஜி இல்லை, சீக்கிரமே சரியாகிவிடும். அது மருந்தின் குணம், உங்கள் குற்றம் இல்லை.

கண் ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட பிறகு உடம்பு மஞ்சளாகிவிட்டது. மஞ்சள் காமாலையா?

ஃப்ளூரசீன் நிறம் அது. தோல் சில மணி நேரமும் சிறுநீர் ஒன்றரை நாள் வரையும் மஞ்சளாக இருக்கும். குமட்டல் சிலருக்கு வரும், ஓரிரு நிமிஷத்தில் போகும். உயிரிழப்பு ஏறக்குறைய 2,22,000 பேரில் ஒருவருக்கு என்று 1986-இல் வெளியான பெரிய அமெரிக்கக் கணக்கெடுப்பு சொன்னது. அன்று வேறு இடத்தில் சிறுநீர்ப் பரிசோதனை கொடுக்க நேர்ந்தால் இந்த ஊசியைச் சொல்லுங்கள். மார்பகப் புற்றுநோய் அறுவையில் போடும் நீலச் சாயத்துக்கும் இப்படி ஒரு குணம் உண்டு. அது சிவப்பு ஒளியை விழுங்கிவிடுவதால் விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் கருவி பொய்யாகக் குறைந்த எண்ணைக் காட்டும்.

பேரியம் குடிக்கிற மருந்துதானே, அதில் என்ன வரப்போகிறது?

பேரியம் சல்பேட் தண்ணீரிலோ வயிற்று அமிலத்திலோ கரையாது, குடல் உறிஞ்சாது, அதனால்தான் குடிக்கலாம். கரையும் பேரியம் உப்புகள் கொடிய விஷம். 2003-இல் பிரேசிலில் பேரியம் கார்பனேட் கலந்துபோன மருந்தைக் குடித்துப் பலர் இறந்தார்கள். குடலில் ஓட்டை இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் பேரியம் கொடுப்பதில்லை, வயிற்றறைக்குள் கசிந்தால் கடும் அழற்சி வரும். மற்றவர்களுக்கு வெள்ளையாக மலம் போகும், மலச்சிக்கல் வரும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும்.

1990 வாக்கில் அமெரிக்காவில் பேரியம் எனிமா கொடுக்கும்போது சிலர் அதிர்ச்சியில் இறந்தார்கள். பழி பேரியத்தின்மேல் விழுந்தது. கடைசியில் குற்றவாளி, குழாய் நுனியில் இருந்த லேடெக்ஸ் ரப்பர் பலூன். பலூன் ஊதினாலோ கையுறை பட்டாலோ உங்களுக்கு அரிக்கும் என்றால் அதையும் சொல்லுங்கள்.

தாய்ப்பால் கொடுக்கிறேன். ஒரு நாள் பீய்ச்சிக் கொட்ட வேண்டுமா?

வேண்டாம். அயோடின் மருந்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே பாலில் இறங்கும், அதிலும் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே குழந்தையின் குடல் உறிஞ்சும். கடோலினியம் அதைவிடக் குறைவு. பால் கொடுக்கலாம்.

ஒருமுறை ஒத்துக்கொள்ளவில்லை. இனி வாழ்நாள் முழுக்க கான்ட்ராஸ்ட் கூடாதா?

என்ன ஆனது என்பதைப் பொறுத்தது. சூடும் குமட்டலும் மட்டும் என்றால் தடையே இல்லை. தடிப்பு வந்திருந்தால், அதே குடும்பத்தில் வேறு மருந்தைத் தேர்ந்தெடுப்பது நல்ல பலன் தருகிறது. சில இடங்களில் முன்கூட்டியே ஸ்டீராய்டும் கொடுப்பார்கள். மூச்சு நின்று, ரத்த அழுத்தம் விழுந்திருந்தால் அலர்ஜி நிபுணரைப் பார்த்துவிட்டு, பெரிய ஆஸ்பத்திரியில்தான் எடுக்க வேண்டும், அல்லது கான்ட்ராஸ்ட் இல்லாத வேறு ஸ்கேன் போதுமா என்று பார்க்க வேண்டும். தோல் உரிந்தவர்களுக்கு மேலே சொன்னதுதான், அந்த மருந்து வேண்டவே வேண்டாம்.

மாற்று மருந்தைத் தேர்ந்தெடுக்க முந்தைய மருந்தின் பெயர் தெரிந்தாக வேண்டும். பத்தில் ஒருவர்கூட என்னிடம் அதைக் கொண்டுவந்ததில்லை. ரிப்போர்ட்டில் பெரும்பாலும் "கான்ட்ராஸ்ட் கொடுக்கப்பட்டது" என்று மட்டுமே இருக்கும். இதில் குறை எங்கள் பக்கம்தான்.

அப்படியானால் நான் எதை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும், யாரிடம் சொல்ல வேண்டும்?

ஸ்கேன் முடிந்து கிளம்பும்போதே மருந்தின் பெயரை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். கம்பெனிப் பெயரோடு, அயோஹெக்சால், அயோடிக்சனால், கடோபியூட்ரால் என்பதுபோல மூலப்பெயரும் வேண்டும். எத்தனை மில்லி, எந்தத் தேதி, எத்தனை மணி. பாட்டிலைப் போனில் படம் எடுத்துக்கொண்டாலும் போதும், லேபிளில் பேட்ச் எண்ணும் இருக்கும். ஏதாவது ஆனால், எத்தனை நேரம் கழித்து என்ன வந்தது, என்ன மருந்து கொடுத்தார்கள், எப்போது சரியானது என்று அதன் கீழே எழுதுங்கள். தடிப்பையும் வீக்கத்தையும் படம் எடுங்கள், டாக்டரைப் பார்ப்பதற்குள் பாதி மறைந்துவிடும்.

ஸ்கேன் எடுத்த இடத்துக்கும் ஒரு போன் செய்து சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் எங்களுக்குத் தெரியவே தெரியாது. இந்தியாவில் மருந்துகளின் எதிர்விளைவைப் பதிவுசெய்ய 2010-இல் தொடங்கிய இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் இருக்கிறது. காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்துநூல் ஆணையம் அதை நடத்துகிறது. 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளிகளே நேரடியாகச் சொல்லலாம். பல மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்கென்று பிரிவு உண்டு, அங்கே மருந்தியல் துறை எங்கே என்று விசாரித்தால் வழிகாட்டுவார்கள். ஸ்கேன்தான் காரணம் என்று உறுதியாகத் தெரிய வேண்டும் என்பதில்லை. சந்தேகம் இருந்தாலே பதிவுசெய்துகொள்வார்கள்.